பாட்டிமார் வைத்த பெயர்



சமூகப் பணியிலும் செவிலியத்திலும் பட்டம் பெற்று ஊருக்குள் போகப்போகும் உங்களிடம் ஒரே ஒரு கருத்தை வைக்கிறேன். மனநலத் திட்டம் ஒன்றுக்கு என்ன பெயர், யார் பேசுவது, எங்கே உட்கார்ந்து பேசுவது என்பதையெல்லாம் அந்த ஊர்க்காரர்களே முடிவுசெய்ய வேண்டும். சில்லறை விஷயங்களாகத் தோன்றும் இவற்றில்தான் பல திட்டங்கள் நிற்பதும் விழுவதும் இருக்கிறது என்பது என் துணிபு.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் அரசு நடத்திய குடியிருப்பு இடிப்பில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்று ஐ.நா. கணக்கிட்டது. நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே இருந்தார்கள். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபாண்டா, 2006இல் ம்பாரே பகுதியில் சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 பாட்டிமாரோடு வேலையைத் தொடங்கினார். கிளினிக் வளாகத்தில் ஒரு மரபெஞ்சு, அதில் ஒரு பாட்டி, அவ்வளவுதான். ‘மனநல பெஞ்சு’ என்று பெயர் வைத்தபோது யாரும் அண்டவில்லை. பாட்டிமார் சொன்னபடி ‘நட்பு பெஞ்சு’ என்று மாற்றிய பிறகே ஆட்கள் வந்தார்கள். மருத்துவர்களின் ‘மனச்சோர்வு’ அங்கே புழங்கவில்லை. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்றார்கள்: அளவுக்கு மீறி யோசிப்பது. ‘யோசிச்சு யோசிச்சே உடம்பு போச்சு’ என்று நம் வீடுகளில் கேட்பதற்குப் பக்கத்தில் வரும் சொல். வந்தவர் மனத்திலிருப்பதையெல்லாம் கொட்டுவார். அதிலிருந்து ஒரு பிரச்சினையை அவரே தேர்ந்தெடுப்பார். அதற்கு ஒரு சிறு வழி கண்டு, செய்துபார்த்து, மறுபடி வருவார். இப்படி ஆறு அமர்வுகள். 24 கிளினிக்குகளில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 சதவீதத்தினரிடமே மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் கவனிப்பு மட்டும் பெற்ற மற்றவர்களில் சுமார் 50 சதவீதத்தினரிடம்.

படிக்காத கையில் மனத்தைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டிமார் பயிற்சி பெற்றவர்கள். 14 கேள்விகள் கொண்ட ஷோனா வினாத்தாளை வைத்தே தொடங்குகிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகிறார்கள். பெஞ்சை மட்டும் நகலெடுத்து மேற்பார்வையைச் செலவென்று வெட்டும் திட்டத்தைக் கண்டுதான் நாம் பயப்பட வேண்டும். வறுமைதானே நோய், பேச்சு வாடகை கட்டுமா என்ற கேள்வி இன்னும் கனமானது. கட்டாது. ஆனால் அங்கே பேசப்படுவதே பெரும்பாலும் வாடகை, வேலை, நோய், வீட்டுச் சண்டைதான். அமர்வுகள் முடிந்த பெண்கள் குழுவாகக் கூடிப் பை பின்னி விற்கவும் செய்கிறார்கள். அப்படியிருந்தும், வீட்டை இடித்த அரசு பெஞ்சு போட்டுக் கணக்கு முடித்துவிட முடியாது. அதைச் சொல்ல நீங்கள் தயங்கக் கூடாது.

அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் சுமார் 86 சதவீதத்தினர் பெண்கள். ஆண்கள் கிளினிக் வாசலுக்கு வருவது குறைவு என்பதற்கு ஹராரே மட்டும் விதிவிலக்கா? நீங்கள் பணியேற்கும் ஊரில் அவர்கள் மாலையில் எங்கே உட்காருகிறார்கள், யாரிடம் வாய் திறக்கிறார்கள் என்று முதல் வாரமே விசாரியுங்கள். பெஞ்சை எங்கே போடுவது என்பதை அதன்பிறகு பேசிக்கொள்ளலாம்.