மாமாவோட பிளேனும் ஒரு பிரஷ்லெஸ் மோட்டாரும்

"அடுத்த வாரம் மாமாவோட பிளேன் பறக்கும்"னு போன எபிசோட்ல பெருமையா சொல்லியிருந்தேன். பறந்துச்சு. மொத்தம் நாலு செகண்ட்.

புதுசா கேக்கறவங்களுக்காக: அது என் மாமா வச்சிருந்த ரேடியோ கண்ட்ரோல் பிளேன். ஃபோம் உடம்பு, மேல ஒரே நீள இறக்கை, கத்துக்கறவங்களுக்கான ட்ரெய்னர் மாடல். பத்து வருஷத்துக்கு மேல பரண்ல கிடந்தது. "ஓட வச்சா நீயே வச்சுக்கோடா"ன்னு கொடுத்தார். உள்ள பழைய பிரஷ் மோட்டார், கியர்பாக்ஸ், 7 செல் நிக்கல் பேட்டரி. மோட்டார் சுத்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா பிரஷ் தேஞ்சு, உள்ள தீப்பொறி பறக்க, ஏதோ கடமைக்குச் சுத்துச்சு.

பிரஷ் மோட்டார்ல காயில் சுத்தும், காந்தம் சும்மா நிக்கும். சுத்துற காயிலுக்கு கரண்ட் போகணும்னா ஏதாவது ஒண்ணு அதை உரசிக்கிட்டே இருக்கணும். அந்தக் கார்பன் துண்டுதான் பிரஷ். பிரஷ்லெஸ்ல எல்லாம் தலைகீழ்: காயில் நிக்கும், காந்தம் சுத்தும். கரண்ட் பில் குறையும்னு இப்போ வாங்கறோமே பிஎல்டிசி ஃபேன், அதுவும் இந்த ஜாதிதான். உரசல் கிடையாது, அதனால சூடும் வீணும் கம்மி. ஆனா எந்தக் காயிலுக்கு எந்த நேரத்துல கரண்ட்னு யாராவது முடிவு பண்ணணும். அந்த வேலையைச் செய்யறது ஈஎஸ்சி, அதாவது ஸ்பீட் கண்ட்ரோலர். அதனால பழைய ரெண்டு வயர் கண்ட்ரோலர் இதுக்கு ஆகாது. இதுக்கு மூணு வயர். மோட்டார் எதிர்ப்பக்கமா சுத்தினா பதறாதீங்க, மூணுல எதாவது ரெண்டை மாத்திச் சொருகுங்க, சரியாயிடும்.

நான் வாங்கினது 2212 சைஸ், 1000 கேவி மோட்டார். இந்தக் கேவியைப் பாத்துதான் நிறையப் பேர் ஏமாறறாங்க. அது பவர் இல்ல. லோடு இல்லாதப்போ ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிற கணக்கு, அவ்வளவுதான். கேவி கூடினா பெரிய மோட்டார்னு அர்த்தம் இல்ல. எவ்வளவு கரண்ட் இழுக்கணும்னு முடிவு பண்றதுல பெரிய பங்கு முன்னாடி மாட்டற புரொப்பல்லருக்குத்தான்.

அங்கேதான் முதல் பாடம். கையில இருந்த 10 இன்ச் புரொப்பை மாட்டி, பிளேனை மேஜையோட கட்டிவச்சு, நடுவுல வாட் மீட்டரைப் போட்டு ஃபுல் த்ராட்டில் கொடுத்தேன். 19 ஆம்பியர். என்கிட்ட இருந்த ஈஎஸ்சி 20 ஆம்பியர்தான். சமாளிச்சிருக்கும், ஆனா மோட்டாரை அரை நிமிஷத்துல தொட முடியல. 9 இன்ச் மாத்தினேன், 13 ஆம்பியருக்கு இறங்கிடுச்சு. 11 வோல்ட்டுக்கு கணக்குப் போட்டா 143 வாட். 700 கிராம் பிளேனுக்கு அது தாராளம். வாட் மீட்டர் இல்லாம இந்த வேலையில இறங்காதீங்க. மேலே போனதுக்கு அப்புறம் ஈஎஸ்சி கருகினா மோட்டார் மட்டும் நிக்காது. ரிசீவருக்கும் செர்வோவுக்கும் கரண்ட் அதுவழியாத்தான் போகுது, மொத்தக் கண்ட்ரோலும் போயிடும். அப்புறம், வயரிங் சரிபாக்கும்போது புரொப்பைக் கழட்டிடுங்க. விரல் போயிடும், விளையாட்டு இல்ல.

சரி, எல்லாம் அளந்தாச்சு, அப்புறம் ஏன் நாலு செகண்ட்?

700 கிராம்னு சொன்னேன் இல்லையா. பழைய எடை கிட்டத்தட்ட 900. பழைய மோட்டாரும் கியர்பாக்ஸும் 130 கிராம், பேட்டரி 230. புது மோட்டார் 50, சின்ன லிபோ பேட்டரி 115. ஆஹா, 200 கிராம் மிச்சம்னு கூத்தாடினேன். அந்த 200 கிராமும் மூக்குப் பக்கத்துலேர்ந்து போனதுன்னு மண்டையில உறைக்கல.

கிரவுண்டுல மாமா என் பின்னாடி நின்னுக்கிட்டு, "டேய், பேலன்ஸ் பாத்தியாடா?"ன்னார். "அதெல்லாம் பவர் இருக்கு மாமா"ன்னேன். என்ன ஒரு பதில் பாருங்க. கையிலிருந்து விட்டதும் மூக்கு நேரா வானத்தைப் பாத்துச்சு. நான் ஸ்டிக்கை முழுசா முன்னாடி தள்ளறேன், கேக்கல. வேகம் போச்சு, ஒரு பக்கமா சாஞ்சு தலைகுப்புற விழுந்துச்சு. மூக்கு ரெண்டா பிளந்திருந்துச்சு. மாமா ஒண்ணும் சொல்லல, துண்டுகளைப் பொறுக்கி பையில போட்டார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்லன்னு இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி அவரே பசை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தார். இறக்கையோட முன் விளிம்புலேர்ந்து அதோட அகலத்துல 25லேர்ந்து 33 சதவீதம் தள்ளி ரெண்டு பக்கமும் விரலை வச்சுத் தூக்கணும், பிளேன் மட்டமா நிக்கணும். எங்களோடது வாலைத் தொங்கப்போட்டுச்சு. மூக்குல ஈயக்கட்டி வைக்கலாமான்னு கேட்டேன். "சும்மா எடை எதுக்கு? பெரிய பேட்டரி வையி"ன்னார். 1300 எம்ஏஎச் இருந்த இடத்துல 2200 எம்ஏஎச், மோட்டாருக்குப் பக்கத்துல தள்ளி வச்சோம். மட்டமா நின்னுச்சு. பறக்கற நேரமும் கூடிப்போச்சு.

ஒரு சின்ன விஷயம், மறந்துடுவேன்: ஈஎஸ்சியில பேட்டரி வகையை லிபோன்னு செட் பண்ணுங்க. நிக்கல்னு விட்டுட்டா செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழ போனாலும் இழுத்துக்கிட்டே இருக்கும், பேட்டரி உப்பிடும்.

போன ஞாயித்துக்கிழமை மறுபடி போனோம். இந்தத் தடவை கையிலிருந்து விடறதுக்கு முன்னாடி மூணு தடவை விரலை வச்சுத் தூக்கிப் பாத்தேன். பாதி த்ராட்டில்லயே ஏறிடுச்சு, சத்தமே இல்ல. ரெண்டு ரவுண்டு போனதும் மாமா கையை நீட்டினார், ரிமோட்டைக் கொடுத்தேன். பேட்டரி தீர்ற வரைக்கும் திருப்பித் தரல. "நீயே வச்சுக்கோ"ன்னு சொன்னதைப் பத்தி இப்போ அவரும் பேசறதில்ல, நானும் கேக்கல. அடுத்த வாரம் சந்திப்போம்.