கல் உடைத்தவர்களின் பெயர்கள்: ஒரு சட்டமன்றக் கட்டடத்தின் வரலாறு



சட்டமன்றங்களுக்குள் எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று ஒரு சட்டமன்றத்தின் சுவர்களைப் பற்றிப் பேசுகிறேன். அது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரில் இருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். 1946இல் பாபாசாகேப் கருப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மகாராஷ்டிர இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். அந்த உறவு நமக்குப் பழையது. அதன் தொடர்ச்சியாகவே இந்தப் பேச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1881இல் டெக்சாசின் பழைய சட்டமன்றம் எரிந்துபோனது. புதியது கட்டப் பணம் இல்லை, நிலம் இருந்தது. வடமேற்கில் சுமார் 30 லட்சம் ஏக்கரைக் கட்டுமானக் கூலியாக சிகாகோ முதலாளிகளுக்கு அரசு கொடுத்தது. அது எக்ஸ்ஐடி என்ற மாபெரும் மாட்டுப் பண்ணை ஆனது. அந்த நிலம் சும்மா கிடந்ததா? 1874-75 போரில் ராணுவம் விரட்டும்வரை கோமாஞ்சே, கயோவா பழங்குடிகள் அங்கே வாழ்ந்தார்கள். நம் ஊரில் ‘புறம்போக்கு’ என்ற சொல் செய்கிற வேலையை அங்கே ‘பொது நிலம்’ என்ற சொல் செய்தது.

அடுத்தது கல். முதலில் சுண்ணாம்புக் கல் எடுத்தார்கள். அதில் கறை படிந்தது. பிறகு பர்னெட் மாவட்டத்துக் கிரானைட் மலையின் செந்நிறக் கல் முடிவானது. மலைக்காரர்கள் கல்லை இலவசமாகக் கொடுத்தார்கள். உடைக்கிற கைகளை அரசு கொடுத்தது. அவை கைதிகளின் கைகள். ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு 65 சென்ட் வீதம் ஒப்பந்ததாரர் அரசுக்குக் கட்டினார். உழைத்தவனுக்கு அதில் ஒன்றுமில்லை.

1865இல் வந்த 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது, ஒரு விலக்கோடு: குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம். அந்த வாசல் வழியாகத்தான் தென்மாநிலங்கள் கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் வாடகைக்கு விட்டன. விடுதலையான கருப்பின மக்களே அதில் பெருமளவு சிக்கினார்கள். ஊர் சுற்றினான், சில்லறைத் திருட்டுச் செய்தான் என்று வழக்குப் போட்டாலே போதும். பிறப்பைக் குற்றமாக்கிய குற்றப் பழங்குடிச் சட்டத்தைப் பார்த்த நமக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை.

கைதிகளை வைத்து வேலை வாங்கினால் கூலி விழும் என்று கிரானைட் தொழிலாளர் சங்கம் வேலையைப் புறக்கணித்தது. 1886இல் ஒப்பந்ததாரர் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து 62 கல்தச்சர்களை இறக்கினார். வெளிநாட்டுத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் கொண்டுவரக் கூடாது என்று 1885இல் சட்டம் வந்திருந்தது. வழக்கு நடந்தது, அபராதம் விதிக்கப்பட்டது. கவனியுங்கள்: கூலி வாங்கும் கல்தச்சனைக் கப்பலில் கொண்டுவந்தது சட்டத்தின் கண்ணில் குற்றம். கூலியே இல்லாமல் கைதியைக் கல்லுடைக்க வைத்தது குற்றமாகத் தெரியவில்லை. சங்கத்தின் எதிர்ப்பு ஆவணத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்களின் வழக்கும் இருக்கிறது. மறுக்கும் உரிமையே இல்லாத கைதி எண்ணிக்கையாக மட்டும் நிற்கிறான்.

1888இல் கட்டடம் திறக்கப்பட்டது. வாஷிங்டன் நாடாளுமன்றத்தைவிட உயரம் என்பது அவர்களுக்கு இன்றும் பெருமை. 1983இல் அங்கே தீப்பிடித்தது. அதே ஆண்டு இதற்கென்றே ஒரு பாதுகாப்பு வாரியம் அமைத்தார்கள். தரை, கதவு, மேசை, நாற்காலி என்று ஒவ்வொன்றையும் பழைய படிக்கே மீட்டார்கள். பார்க்க வருவோரை இலவசமாக அழைத்துச் சென்று விளக்குகிறார்கள். நல்ல வேலை, கற்றுக்கொள்ள வேண்டிய வேலை.

ஆனால் அதே சுவரில் 1959இல் பதித்த ஒரு பலகையும் இருந்தது. உள்நாட்டுப் போர் அடிமை முறையைக் காப்பதற்காக நடக்கவில்லை என்று அது சொன்னது. 60 ஆண்டுகள் பள்ளிக் குழந்தைகள் அதைக் கடந்து போனார்கள். கருப்பினச் சட்டமன்ற உறுப்பினர் எரிக் ஜான்சன் கேட்டுப் போராடிய பிறகு, 2019 ஜனவரியில் அது இறங்கியது. வளாகத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்றுக்கு நினைவுச் சின்னம் வந்ததே 2016இல்தான். கட்டடத்தைப் பாதுகாப்பதும் அதன் வரலாற்றைப் பாதுகாப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். அதே மாநிலத்தில் சுகர் லேண்ட் என்ற ஊர். அங்கே கரும்புத் தோட்டங்களில் வாடகைக் கைதிகள் மாண்டார்கள். அவர்கள் புதைந்த இடம் இங்கேதான் இருக்கிறது என்று முன்னாள் சிறைக் காவலர் ரெஜினால்ட் மூர் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். 2018இல் பள்ளிக்கூடம் கட்டத் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. எந்த வாரியமும் காக்காத வரலாற்றைத் தனி மனிதர் ஒருவர் காத்தார்.

டெக்சாஸ் ஆவணக் காப்பகத்தில் கைதிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், நிறம், உயரம், உடலில் உள்ள தழும்பு. தப்பினால் பிடிப்பதற்காக எழுதியவை அவை. இன்று அவர்களை நாம் அடையாளம் காண அதே ஏடுகள்தான் வழி. ஒடுக்கியவன் எழுதிய ஏட்டைத் தலைகீழாகப் படிக்கும் கலையை ஆய்வு மாணவர்கள் பழக வேண்டும்.

நம்மிடமும் பெரிய கட்டடங்கள் உண்டு. கல்வெட்டில் அடிக்கல் நாட்டியவர் பெயர் இருக்கும், திறந்தவர் பெயர் இருக்கும். அடிக்கல்லை வெட்டியவர் பெயர் இருக்காது. மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, கூலிப் பட்டியல், சிறைப் பதிவேடு, ஒப்பந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இரண்டு, கல்குவாரியிலும் சித்தாள் வேலையிலும் உழைத்த முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். மூன்று, கிடைத்ததை அலமாரியில் பூட்டாமல் சேரியின் படிப்பகத்திலும் பள்ளியிலும் வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கட்டடம் எங்கள் பாட்டன் உடைத்த கல் என்று தெரிந்த பிள்ளை, அதன் வாசலில் மனுவோடு கைகட்டி நிற்க மாட்டாள்.