பேசத் தெரிந்த பிணம்



எனக்கு முன்னால் பேசிய ஐயா, இலக்கியக் கூட்டத்தில் பேய்ப் படக்கதைக்கு என்ன வேலை என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். ஐயா, வெளியே நின்ற அந்தப் பேயைக் கைபிடித்து உள்ளே கூட்டிவந்ததே இலக்கியம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

1818 ஜனவரி முதல் தேதி லண்டனில் ஒரு நாவல் வெளிவந்தது. அச்சடித்தது 500 பிரதி. அட்டையில் ஆசிரியர் பெயர் கிடையாது. எழுதிய பெண்ணுக்கு அப்போது 20 வயது. அவர் மேரி ஷெல்லி, நாவல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. அதன் கடைசிக் காட்சி வடதுருவக் கடலில் ஒரு கப்பலில் நடக்கிறது. பிணத் துண்டுகளைச் சேர்த்து உயிர் கொடுத்த விக்டர் செத்துக் கிடக்கிறான். அவன் படைத்த ராட்சதன் அந்த உடல் அருகே நின்று அழுகிறான். வடக்கே போய்ச் சிதை அடுக்கி என்னை நானே எரித்துக்கொள்வேன் என்று கேப்டன் வால்டனிடம் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே பனிப்பாளத்தின் மேல் குதிக்கிறான். அலை அவனை இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விடுகிறது. நாவல் முடிந்தது.

சிதை எரிந்ததா? பார்த்தவர் யாரும் இல்லை. சாகப்போகிறேன் என்றவனைத்தான் நமக்குத் தெரியும். இப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிற கதைக்காரன் சும்மா இருப்பானா?

இருக்கவில்லை. 1973 ஜனவரி தேதியிட்டு, 20 சென்ட் விலையில், அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் ‘தி மான்ஸ்டர் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ என்ற இதழைக் கொண்டுவந்தது. கதை கேரி ஃபிரெட்ரிக். ஓவியம் மைக் ப்ளூக். காலம் 1898. பழைய கேப்டனின் வாரிசு, அவன் பெயரும் ராபர்ட் வால்டன்தான், வடதுருவக் கடலில் கப்பல் ஓட்டிப் போய் ஒரு பனிக்கட்டியைக் கண்டுபிடிக்கிறான். உள்ளே நம் ஆள், எரியாமல், உறைந்துபோய். அதைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். மாலுமிகள் முணுமுணுக்கிறார்கள், புயல் வருகிறது. பனி உருகினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. முதல் நான்கு இதழ்களில் மேரி ஷெல்லியின் கதையையும் இந்தக் கப்பல் கதையையும் மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டு போகிறார்கள். ஆறாம் இதழில் அவன் ஃபிராங்கன்ஸ்டைன் குடும்பத்தின் கடைசி வாரிசைத் தேடிப் போகிறான்.

ஏன் 1973, ஏன் 1963-ல் வரவில்லை? அங்கேதான் இலக்கியம் வருகிறது. 1954-ல் அமெரிக்காவில் படக்கதை குழந்தைகளைக் கெடுக்கிறது என்று பெரிய கூச்சல். செனட் குழு விசாரணையே நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டத்தை எழுதிக்கொண்டார்கள். அதன்படி ரத்தக்காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, நடமாடும் பிணம் கூடாது. 1971-ல் சட்டத்தைத் தளர்த்தியபோது ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஃபிராங்கன்ஸ்டைன், டிராகுலா, எட்கர் ஆலன் போ, கானன் டாய்ல் போல, பள்ளிக்கூடத்தில் படிக்கிற உயர்ந்த இலக்கிய மரபில் கையாண்டால் பேய் வரலாம் என்றார்கள். அதாவது பேய்க்கு அனுமதி உண்டு, சிபாரிசுக் கடிதம் மட்டும் இலக்கியத்திடம் வாங்கி வர வேண்டும்! ஐயா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். பாவம், நடமாடும் பிணமான ஜோம்பிக்கு மட்டும் சிபாரிசு செய்ய ஆள் கிடைக்கவில்லை, அதற்கு அப்போதும் கதவு திறக்கவில்லை.

அந்தச் சிபாரிசை வாங்கி வந்தவன் உள்ளே வந்து என்ன செய்தான் என்பதில்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

நாவலில் இந்த ராட்சதன் செய்கிற பெரிய காரியம் எது? கொலை என்பீர்கள். நான் பேச்சு என்பேன். யாரும் சேர்த்துக்கொள்ளாமல் காட்டில் அலைகிறவன், ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறான். மரப்பலகையில் கண் வைக்கிற அளவுக்கு ஒரு விரிசல். அதன் வழியாக ஒரு கண் தெரியாத பெரியவரையும் அவர் பிள்ளைகளையும் மாதக்கணக்கில் பார்க்கிறான். இவர்கள் வாயிலிருந்து வருகிற சத்தத்துக்கும் முகம் மாறுவதற்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறான். நெருப்பு, பால், ரொட்டி, விறகு என்று ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்குகிறான். பிறகு அந்த வீட்டுக்கு ஓர் அரபுப் பெண் வருகிறாள், அவளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாமல் இவனும் ஒரு மாணவன். காட்டில் கிடைத்த தோல்பெட்டியில் மில்டனும் புளூடார்க்கும் கதேயும் இருக்கிறார்கள், மூவரையும் படித்துத் தீர்க்கிறான். கடைசியில் துணிந்து, பிள்ளைகள் வெளியே போன நேரம் பார்த்து, அந்தப் பெரியவரிடம் போய்ப் பேசுகிறான். கண் தெரியாத மனிதருக்கு இவன் குரல் மட்டும்தான் இவன். அவர் பரிவோடு பேசுகிறார். பிள்ளைகள் திரும்பி வந்து பார்க்கிறார்கள், அடி விழுகிறது.

நம் விக்கிரமாதித்தன் தோளில் தொங்குகிற வேதாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது கதை சொல்லி, கேள்வி கேட்டு, ராஜாவையே மடக்குகிறது. அதன் வாயைத் தைத்துவிட்டால் மிச்சம் என்ன? சுமக்கிறவனுக்குத் தோள்வலி.

1931-ல் ஹாலிவுட் அந்தத் தையலைத்தான் போட்டது. ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்தில் போரிஸ் கார்லாஃபுக்கு வசனமே கிடையாது, உறுமல்தான். கார்லாஃப் பெரிய நடிகர், அந்தக் கண்ணிமைகளை மறக்க முடியாது. ஆனால் உலகம் முழுக்க அந்த ஊமை முகம் ஒட்டிக்கொண்டது.

மார்வெல் இதழ் தொடக்கத்தில் இதைச் சரிசெய்தது. அங்கே அவன் பேசுகிறான், தன் கதையைத் தானே சொல்கிறான். ப்ளூக் அவனுக்கு நீள முடியும் கிழிந்த உடுப்பும் கொடுத்து, பெரிய உடம்பைக் கொஞ்சம் கூன வைத்து வரைந்தார். அந்த வாயிலிருந்து நிதானமான வாக்கியங்கள் வரும்போது நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆறு இதழோடு ப்ளூக் விலகினார், ஜான் புஸீமா வந்தார். வியாபாரக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், ராட்சதனை டிராகுலாவோடு மோதவிட்டார்கள். 1974-ல் நடந்த அந்தச் சண்டையில் டிராகுலா கடித்துக் குதறியது எதைத் தெரியுமா? குரல்வளையை! அதோடு பேச்சு போயிற்று.

படக்கதையில் இது சின்ன விஷயம் இல்லை, தம்பிகளே. பேச்சுக் குமிழி பாத்திரத்தின் சொத்து. மேலே கட்டம் கட்டி வருகிற வாசகம் கதாசிரியரின் சொத்து. குமிழி காலியானதும் கட்டம் வீங்குகிறது. அவன் நினைப்பதை, அவன் வலியை, எல்லாவற்றையும் இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதாகிறது. விரிசல் வழியே எட்டிப் பார்த்து மொழியைச் சம்பாதித்தவன், தன் கதையிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டான். பிறகு அவனை இன்னொரு முறை உறைய வைத்து 1970-களுக்கே கொண்டுவந்தார்கள். 1975 செப்டம்பர், 18-ஆம் இதழோடு பத்திரிகை நின்றது. ஊமையாக்கியதால் நின்றது என்று நான் சொல்லவில்லை. பேய்க் காமிக்ஸ் மோகமே அப்போது வடிந்துகொண்டிருந்தது. ஆனால் முதல் நான்கு இதழ்களை இன்றும் எடுத்துப் படிக்கிறேன், பின்னவற்றைப் புரட்டுகிறேன்.

ஓவியத்துக்காக எல்லா இதழ்களையும் பாருங்கள், தடுக்கமாட்டேன். படிப்பதற்கு முன்னால் மூல நாவலில், 1831 பதிப்பில், 11-லிருந்து 16 வரை ஆறு அத்தியாயங்களை மட்டுமாவது படித்துவிடுங்கள். அந்த ஆறிலும் பேசுகிறவன் அவன்தான், விக்டர் குறுக்கே வருவதில்லை. கூட்டத் தலைவர் நேரமாயிற்று என்று சீட்டு அனுப்பிவிட்டார்.