மாயாபஜாரின் நிலவும் பெரியப்பாவின் பெற்றோமக்ஸும்



மாயாஜாலப் படங்களில் ஒளி எப்படிக் கையாளப்படுகிறது என்பது பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். நான் சினிமாக்காரன் அல்லன். மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில், கடலை அண்டிக் கிடக்கும் இலுப்பைக்கடவை என் ஊர். அந்நாளில் கோயில் விளக்குக்கு ஊற்றிய எண்ணெய் ஊரின் பெயரிலேயே இருக்கிறது என்பதைத் தவிர, ஒளியைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பார்கள். ஸ்ரூடியோ இல்லாத ஊருக்கு என் பெரியப்பாதான் மார்க்கஸ் பார்ட்லி.

பெரியப்பா கூத்துக்கு விளக்குப் பிடித்தவர். அண்ணாவியாருக்கு எவ்வளவு மரியாதையோ அவருக்கும் அவ்வளவு மரியாதை. பெற்றோமக்ஸுக்குக் காற்றடித்து, மென்ரில் வெள்ளையாக எரியத் தொடங்கியதும், அதை எந்த உயரத்தில் தூக்குவது, இராசா வரவுக்கு எங்கே கட்டுவது, அரக்கன் வரும்போது எந்தப் பக்கம் தாழ்த்துவது என்றெல்லாம் அவரிடம் கணக்கு இருந்தது. விளக்கைக் கீழே வைத்தால் முகம் பயங்கரமாகும், மேலே வைத்தால் சாந்தமாகும் என்று சொல்வார். பின்னாளில் படப்பிடிப்புக் கலை பற்றிய புத்தகம் ஒன்றில் இதையே வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

1990களின் தொடக்கத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை. ஜாம்போத்தல் விளக்கில்தான் நாங்கள் படித்தோம். அப்படிப்பட்ட ஓர் இரவில், வாடகைக்குக் கொண்டுவந்த தொலைக்காட்சிப் பெட்டியிலும் டெக்கிலும் மாயாபஜார் போட்டார்கள். ஜெனரேற்றரைச் சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட காலம் அது. ஊர் முழுவதும் இருட்டு, அந்தச் சிறு பெட்டியில் மட்டும் நிலா. அபிமன்யுவும் வத்சலாவும் படகில் போகும் பாட்டு வந்தது. எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா மட்டும் சொன்னார்:

"நிலவு அங்கால நிக்குது. இதுகளின்ர முகத்துக்கு ஆர் வெளிச்சம் பிடிக்கிறான்?"

இரவில் கடலுக்குப் போய்வரும் எவருக்கும் அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். நிலவு முதுகுக்குப் பின்னால் இருந்தால் மனிதன் கறுப்பு உருவம்தான். ஓரத்தில் ஒரு வெள்ளிக்கோடு தெரியும், முகம் தெரியாது. படத்திலோ சாவித்திரியின் கண்ணிமைகூடத் தெரிந்தது.

மாயாபஜார் 1957ஆம் ஆண்டு தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. விஜயா நிறுவனத்தின் படம். இயக்கியவர் கே.வி. ரெட்டி, படம்பிடித்தவர் ஆங்கிலோ இந்தியரான மார்க்கஸ் பார்ட்லி. இதே குழுதான் 1951இல் பாதாள பைரவியையும் எடுத்தது. பூரண நிலவை விடச் சூரியன் ஏறக்குறைய 4 இலட்சம் மடங்கு பிரகாசமானது. அக்காலப் பிலிமுக்கு உண்மை நிலவொளி போதவே போதாது. நம்பி எடுத்தால் வெறும் கறுப்புத்தான் மிஞ்சும். ஆகவே சினிமா நிலவு எதுவாயினும் பொய் நிலவு. கறுப்பு வெள்ளைப் படக்காரர்களுக்கு அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பட்டப்பகலில் எடுத்து, வில்லையின் துவாரத்தைச் சுருக்கி, முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியைப் பிடிப்பது. நீல வானம் அப்படியே இருண்டுவிடும். மற்றது, ஸ்ரூடியோவுக்குள் விளக்குகளை வைத்து நிலவைக் 'கட்டுவது'. பின்னால் ஒரு பலத்த விளக்கு, தண்ணீரில் அதன் மினுக்கம், முன்னால் யார் பிடித்தது என்று தெரியாதபடி ஒரு மெல்லிய விளக்கு. பெரியப்பா பிடித்துவிட்டது அந்த முன் விளக்கைத்தான். பார்வையாளனுக்கு நிலவும் வேண்டும், முகமும் வேண்டும். இயற்கை இரண்டையும் சேர்த்துத் தராது, பார்ட்லி தந்தார். 1965இல் செம்மீன் படத்தில் கடலைப் படம்பிடித்தவரும் அவரே என்பதைக் கரையோரத்து நேயர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஒளியை மட்டும் புகழ்ந்தால் போதாது. ஒளி விழுவதற்கு ஓர் இடம் வேண்டும். மாயாபஜாரின் கலை அமைப்பு மாதவபெத்தி கோகலே, கலாதர் ஆகிய இருவருடையது. துவாரகை நகரைக் காட்டுவதற்காக 50 அடிக்கு 60 அடி இடத்தில் ஏறக்குறைய 300 குட்டி வீடுகளை அடுக்கினார்கள். நமது ஊரில் அந்த இடத்தில் ஒரு நல்ல வீட்டு முற்றம் அடங்கும். ஒரு முற்றத்துக்குள் கண்ணனின் தலைநகரம்!

இந்தப் படங்களை நாங்கள் பார்ப்பதற்கு முன்பே பார்த்திருந்தோம் என்றும் சொல்லலாம். விஜயா நிறுவனத்து நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1947இல் அம்புலிமாமா குடும்பத்துப் பத்திரிகைகளையும் தொடங்கியவர்கள். சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் 1952இல் அங்கே சேர்ந்தார். தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கும் அந்தச் சித்திரம் அவருடையது. அவர் 2020இல் காலமானார். கறுப்பு மையால் வரைபவனிடம் நிலவொளிக்கு வர்ணம் கிடையாது. மை போடாமல் விட்ட இடம்தான் நிலவு. எங்கே வரையாமல் விடுவது என்று அறிந்த கை அது. எங்கள் வீட்டில் தைத்துக் கட்டிய அம்புலிமாமாத் தொகுதி ஒன்று இருந்தது. 2008இல் இடம்பெயர்ந்தபோது அதுவும் பெரியப்பாவின் பெற்றோமக்ஸும் வீட்டிலேயே நின்றுவிட்டன. திரும்பி வந்தபோது இரண்டும் இல்லை. பெரியப்பாவும் இல்லை.

வெளிநாடுகளிலும் முதலில் ஓவியன் வரைகிறான், பிறகுதான் கமெரா வருகிறது. 1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ரால்ஃப் மக்குவாரி முன்கூட்டியே ஓவியங்கள் தீட்டிக் கொடுத்தார். லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் படங்களுக்கு அலன் லீயும் ஜோன் ஹோவும் அப்படியே. 2015இல் பாகுபலியின் மகிழ்மதியை உருவாக்கியவர் சாபு சிரில். இன்றைக்குக் கணினி எதையும் செய்யும். அதுதான் எனக்குச் சற்றுச் சங்கடமாக இருக்கிறது. செய்ய முடியும் என்பதற்காக மலை, அருவி, கோட்டை, யானை எல்லாவற்றிலும் ஒரே அளவாக வெளிச்சத்தை ஊற்றிவிடுகிறார்கள். இருட்டு இல்லாத இடத்தில் மாயம் எங்கே ஒளிந்துகொள்ளும்?

2010இல் தெலுங்கு மாயாபஜாருக்கு வர்ணம் பூசி வெளியிட்டார்கள். அதைப் பார்த்தேன். பார்ட்லி சாம்பல் நிறத்தில் அடுக்கி வைத்த இரவு, நீலமும் மஞ்சளுமாகிப் பட்டுப்புடவைக் கடை போல ஆகிவிட்டதாக எனக்குப் பட்டது. ஆனால் என் தங்கையின் மகன், கறுப்பு வெள்ளை என்றால் எழுந்து போய்விடுபவன், அன்று இறுதிவரை இருந்து பார்த்தான். கடோற்கஜனின் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து போகும் இடத்தில் அவன் சிரித்த சிரிப்பையும் நான் கேட்டேன். ஆகவே வர்ணத்தை முழுதாகத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

அவன் இப்போது வளர்ந்து, கணினியில் படம் வரைகிறான். சென்ற மாதம் ஒன்றைக் காட்டினான். கடல் நடுவே மந்திரக் கோட்டை, முன்னால் ஒரு வள்ளம், வள்ளத்தில் ஒரு கிழவன். வானத்தில் பெரிய நிலா.

"வெளிச்சம் எங்கேயிருந்து வருது?" என்றேன்.

"எல்லா இடத்திலயும் இருந்து மாமா. இது மாய உலகம்தானே."

எனக்குக் கோபம் வந்தது. அவனுக்கும் வந்தது. இந்தப் படங்களைக் காட்டித்தான் கொழும்பில் வேலை கேட்கப்போகிறான். நான் பழைய கதை பேசுவதாக அவன் நினைத்தான். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் பூரணை. வாடா என்று கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தொலைபேசி வெளிச்சத்தை அணைக்கச் சொன்னேன். கண் பழகச் சற்று நேரம் எடுத்தது. தூரத்தில் ஒரு வள்ளம் வந்தது. கறுப்பு வள்ளம், அதில் ஒரு கறுப்பு ஆள், தண்ணீர் மட்டும் வெள்ளி. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முகமே தெரியேல்லை. அப்ப பார்ட்லி பொய்தானே சொன்னவர், மாமா?"

"ஓம். ஆனால் எது பொய் எண்டு தெரிஞ்சுகொண்டு சொன்னவர்."

வீட்டுக்கு வந்து படத்தைத் திருத்தினான். கோட்டையில் பாதியை இருட்டிலே விட்டான். கிழவனின் கையில் ஓர் அரிக்கன் லாம்பைக் கொடுத்தான். முகம் இப்போது கீழிருந்து தெரிந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நல்ல படம். பெரியப்பா இருந்திருந்தால் லாம்பின் புகை எங்கே என்று கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை.