விழா வீட்டின் விளக்குச் சரம்

இருளைப் போக்குதற்கு ஒரு விளக்குப் போதும். மகிழ்ச்சியை ஊரறியத் தெரிவித்தற்குப் பல விளக்குகள் வேண்டும். கார்த்திகை விளக்கீட்டன்று யாழ்ப்பாணத்து வீடுகளிற் படலை தொட்டுக் கிணற்றடி வரை சிட்டி விளக்கும் பந்தமும் எரிகின்றன. வெசாக் காலத்தில் தென்னிலங்கை வீடுகள்தோறும் கடதாசிக் கூடுகள் ஒளிர்கின்றன. தீபாவளிக்கும் நத்தாருக்கும் கலியாணத்துக்கும் கோயிற் கொடியேற்றத்துக்கும் விளக்கில்லாத வாசலை எவரும் விரும்புவதில்லை.

இவ்விளக்குகளின் இடத்தை இன்று பெரும்பாலும் மின்குமிழ்ச் சரம் பிடித்துக்கொண்டது. இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சிட்டிக்கு எண்ணெய் வார்ப்பவர் நெருப்பைக் கண்ணாற் காண்கிறார். ஆதலின் சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு, குழந்தையை எட்டி நிற்கச் சொல்லுகிறார். சரத்தினுள் ஓடும் மின்சாரமோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படாத நெருப்புக்கு எவரும் அஞ்சுவதுமில்லை. விளக்குச் சரத்தைத் தெரிவு செய்வதில் நிறத்துக்கும் விலைக்கும் முன்னராக எண்ண வேண்டியது இதுவே.

மின்குமிழ்களைச் சரமாக்கி அழகு பார்க்கும் வழக்கம் 1882 ஆம் ஆண்டளவில் தொடங்கியது. எடிசனின் கூட்டாளியான எட்வேர்ட் ஜோன்சன் என்பவர் அவ்வாண்டு நியூயோர்க் நகரிலே தம் வீட்டு நத்தார் மரத்திற் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் 80 குமிழ்களை ஏற்றினார். பின்னர் வந்த மலிவான சரங்களிற் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருந்தமையால், ஒன்று கெட்டால் அனைத்தும் அணைந்தன. கெட்ட குமிழைத் தேடி இரவெல்லாம் ஏணியில் ஏறி இறங்கிய வீட்டார் பலர். பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி எனக் கூறும் எல்.ஈ.டி. விளக்கு வந்தபின் நிலைமை பெரிதும் மாறியது. அவ்வகையில் நீல ஒளியைப் பெறுவதே நெடுங்காலம் அரிதாயிருந்தது. அதனை இயலச் செய்து வெண்ணிற ஒளிக்கும் வழி திறந்த அகசாக்கி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014 ஆம் ஆண்டிற் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று கடைகளில் தொங்கும் சரங்களிற் பெரும்பாலானவை இவ்வகையினவே.

குடாநாட்டிலே கார்த்திகை மாதத்தில் நடக்கும் ஒரு கலியாணத்தை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். பெண்ணின் தகப்பனாரும் அவர் தமையனின் மகனும் விளக்குச் சரம் வாங்கக் கடைக்குப் போகின்றனர். இளைஞன் பளபளக்கும் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறான்.

“குஞ்சியப்பா, இது மலிவு. நிறமும் நல்ல வடிவாயிருக்கு. பத்துப் பெட்டி எடுப்பம்.”

“பொறு தம்பி. இது மழைக்குள்ளை நிண்டு எரியுமோ எண்டு முதலிலை பார்.”

அந்தக் கேள்வி சரியான கேள்வி. சரம் வாங்கப் போகிறவர் மூன்று வினாக்களைத் தம் மனத்துள் எழுப்பிக்கொள்ள வேண்டும். இது எங்கே தொங்கப்போகிறது? எவர் கை இதனை எட்டும்? எத்தனை இரவு எரியும்?

முதல் வினா இடத்தைப் பற்றியது. இந்நாட்டின் ஒளி விழாக்களிற் பல மழையோடு கைகோத்து வருவன. தீபாவளியும் விளக்கீடும் நத்தாரும் வடக்கிலும் கிழக்கிலும் மாரி காலத்தில் வருகின்றன. தெற்கிலே தென்மேற்குப் பருவமழை நெருங்கும் வேளையில் வெசாக் வருகிறது. ஆகவே பெட்டியின்மேல் ஐ.பி. என்ற எழுத்துக்களையடுத்து அச்சிடப்பட்டிருக்கும் இரண்டு இலக்கங்களைப் படித்தல் வேண்டும். முதல் இலக்கம் தூசி முதலிய திண்பொருள்களையும், இரண்டாம் இலக்கம் நீரையும் எவ்வளவுக்குத் தடுக்கும் என்பதைக் குறிக்கும். 20 என்றிருப்பின் அது வீட்டுக்குள் மட்டுமே பயன்படுவது. நீருக்கு எவ்விதப் பாதுகாப்பும் அதில் இல்லை. 44 என்பது எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். தாழ்வாரத்துக்கும் விறாந்தைக்கும் ஏற்றது. 65 என்பது பாய்ச்சும் நீரையும் தாங்கும். திறந்த முற்றத்துக்கு அதுவே தக்கது. சரத்துக்கு 65 என்றிருக்க, அதனோடு வரும் மின்மாற்றிக்கு 20 என்றிருத்தலும் உண்டு. ஆதலின் இரண்டையும் தனித்தனியே பார்த்தல் நன்று.

இடத்தைப் பார்க்கும்போதே நீளத்தையும் அளந்துகொள்ள வேண்டும். செருகியிலிருந்து முதற் குமிழ் வரையுள்ள கம்பியில் விளக்கு இல்லை; அதனைக் கணக்கிற் சேர்த்தலாகாது. மரத்தைச் சுற்றுவதாயின் கணக்கு எதிர்பாராத அளவுக்குப் பெருகும். 1 மீற்றர் சுற்றளவுள்ள அடிமரத்தில், 2 மீற்றர் உயரத்துக்கு, 10 சென்ரிமீற்றருக்கு ஒரு சுற்றாகச் சுற்றினால், 20 மீற்றர்ச் சரம் செலவாகும். போதாமற் போனதும் இரண்டு சரங்களை வெட்டி முறுக்கி ஒட்டுநாடா சுற்றும் வழக்கமே பல கேடுகளுக்கு வித்து. ஒன்றோடொன்று கோக்கக்கூடியதாகச் செய்யப்பட்ட சரங்களை மட்டும், பெட்டியிற் குறித்த எண்ணிக்கைக்கு மேற்படாமல், கோத்தல் வேண்டும்.

இரண்டாம் வினா கை எட்டுவதைப் பற்றியது. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அது நேரே ஓடும் சரமும் உண்டு. சிறு மின்மாற்றியாற் குறைத்து 24 அல்லது 31 வோல்ற்றில் எரியும் சரமும் உண்டு. குழந்தைகள் தொடக்கூடிய பூச்சாடி, மணவறைப் படி, வேலி, கைபிடிச் சுவர் ஆகிய இடங்களுக்குப் பின்னையதையே தெரிதல் வேண்டும். வெறும் போத்தலுக்குள் மெல்லிய செப்புக்கம்பிச் சரத்தை இட்டு மேசை விளக்காக்கும் கைவேலை இப்போது பிள்ளைகளிடையே பரவியிருக்கிறது. செலவு குறைந்த அழகிய பொழுதுபோக்கு அது. எனினும் அவற்றுட் சில பொத்தான் வடிவான மின்கலத்தில் எரிவன. அம்மின்கலம் சிறு குழந்தையின் வாய்க்குட் போய்த் தொண்டையில் அகப்பட்டுக்கொண்டால், சில மணி நேரத்திலேயே உணவுக் குழாயைப் புண்ணாக்க வல்லது. மின்கலப் பெட்டியின் மூடி திருகாணியாற் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது தாய் தந்தையர் கடன்.

மூன்றாம் வினா செலவைப் பற்றியது. முற்றத்திற் பெரிய குமிழ்கள் 50 தொங்குவதாகக் கொள்ளலாம். ஒவ்வொன்றும் 25 வாற்று இழைக் குமிழாயின் மொத்தம் 1250 வாற்று. நாளொன்றுக்கு 6 மணி நேரமாக நான்கு இரவுகள் எரிந்தால் 30 அலகு மின்சாரம் செல்லும். 1 வாற்று எல்.ஈ.டி. குமிழாயின் அதே நான்கு இரவுகளுக்கு 1.2 அலகு போதும். வெப்பமும் குறைவு, கிடுகுப் பந்தலும் கடதாசிச் சோடனையும் உள்ள இடத்தில் அது பெரிய நன்மை. சூரிய ஒளியில் மின்னேற்றும் சரங்கள் கோடைக்கு உகந்தவை; ஆயின் மாரி முகில் நாட் கணக்காக மூடிக்கிடக்கும்போது அவற்றை நம்பி விழா வைத்தல் கூடாது.

நிறத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்றிருப்பின் அது எண்ணெய் விளக்கை நினைவூட்டும் இளஞ்சூட்டு வெண்மை. 6000 கெல்வினும் அதற்கு மேலும் நீலம் பாய்ந்த வெண்மை. கூறைச் சேலையின் சிவப்பும் பொன்னகையும் மனிதர் முகமும் முன்னைய ஒளியிலேயே பொலிவுறும். மழைக்கால ஈசலும் பூச்சியும் பின்னைய ஒளியையே மிகுதியாக நாடிவரும். ஆகையாற் பந்தி பரிமாறும் இடத்துக்கு இளஞ்சூட்டு ஒளியே ஏற்றது. ஓயாது வெட்டி மின்னும் சரம் சிலருக்கு வலிப்பையும் தூண்டக்கூடும். அசையாது எரியும்படி மாற்றக்கூடிய சரமே மேலானது.

நல்ல சரமும் தவறாகத் தொங்கினாற் கெட்ட சரமாகிவிடும். சரத்தின் பாரத்தைச் சரமே சுமக்கவிடாது, நைலோன் கயிறு கட்டி அதிற் பிணைக்க வேண்டும். இரும்புக் கம்பியிற் கட்டினால், காற்றிலே உராய்ந்து உறை தேயும்போது, அக்கம்பி முழுவதிலும் மின் ஏறும். நீட்டு வயர்ச் சுருளை முற்றாக விரித்தே பயன்படுத்த வேண்டும். சுருண்ட நிலையில் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்தால் அது சூடேறி உருகும். இலங்கையின் நியமமான 13 அம்பியர்ச் சதுரமுனைச் செருகிக்குள் ஓர் உருகி உண்டு. சிறு சரத்துக்கு 3 அம்பியர் உருகியே போதும். வீதிக் கம்பியிற் கொழுவி மின்சாரம் எடுப்பது சட்ட விரோதம் மட்டுமன்று. உயிரைப் பணயம் வைப்பதுமாகும்.

இனி அக்கலியாண வீட்டுக்குத் திரும்பலாம். புதிய சரங்கள் வந்துவிட்டன. ஆயினும் படலையடிக்குச் சற்றுக் குறைகிறது. போன வருடத்துச் சரமொன்று பரணிற் கிடப்பது இளைஞனுக்கு நினைவு வருகிறது. எடுத்து எரித்துப் பார்க்கிறான், அழகாக எரிகிறது. அதனைப் பந்தலின் இரும்புக் குழாய்க் காலிற் சுற்றப்போகும் வேளையிற் பெரியவர் வாங்கி, மின்னை நிறுத்தி, விரலால் அடியிலிருந்து நுனி வரை தடவிப் பார்க்கிறார். நடுவிலே ஓரிடத்தில் ஒட்டுநாடா. பிரித்தால், உள்ளே வெறுங் கம்பி. அந்தக் காலைப் பிடித்துச் சுற்றி விளையாடிக்கொண்டிருக்கின்றன இரண்டு குழந்தைகள். இரவிலே மழையும் வரும்.

எரிகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது என்பதை இளைஞன் அப்போது உணர்கிறான். கெட்ட சரமும் எரியும்; கேடு நிகழும் வரை நன்றாகவே எரியும். ஆதலின் விழாவுக்கு முதல் நாட் பகலிலேயே சரங்கள் அனைத்தையும் நிலத்தில் விரித்து, உறை வெடித்ததையும் ஒட்டுப் போட்டதையும் கழித்துவிட வேண்டும். மின்கசிவைக் கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் வீட்டில் உண்டா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் அது விழவில்லையாயின், மின்னியலாளரை அழைத்துச் சீர்செய்த பின்னரே விளக்கேற்ற வேண்டும்.

படலையடி அன்றிரவு சற்று இருட்டாகவே இருந்தது. பெண்ணின் தாயார் அங்கே இரண்டு குத்துவிளக்குகளை ஏற்றிவைத்தார். வந்தவர் எவரும் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. குழந்தைகள் மழைக்கு ஒதுங்கிப் பந்தற் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, நாதசுரம் கேட்டன.