மகப்பேற்றுக் கல்வியும் தாய்மொழியும்

(செவிலியப் பட்டப் படிப்பிற் புகும் மாணவியர்க்குச் சங்கரன்கோயிலில் நிகழ்ந்த வாழ்த்துக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வூர் தமிழுக்கு ஒரு பெரும்பேறு தந்த ஊர். மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 1902-ஆம் ஆண்டு பிப்பிரவரி 7-ஆம் நாள் இங்குத்தான் பிறந்தார். அதே 1902-இல்தான், மருத்துவச்சியர்க்குப் பயிற்சியும் பதிவும் வேண்டும் என்னும் சட்டம் இங்கிலாந்தில் இயற்றப்பெற்றது. அந்நாளைய சென்னை மாநிலத்தில் செவிலியர்க்கும் மருத்துவச்சியர்க்குமான சட்டம் 1926-இல் வந்தது. சொற்களின் பிறப்பை ஆராய்ந்தவர் பிறந்த ஊரிலிருந்து, குழந்தைகளின் பிறப்பைக் காக்கும் கல்விக்கு நீங்கள் புறப்படுகின்றீர்கள். இவ்விரண்டையும் இணைத்தே இன்று பேச விழைகின்றேன்.

முதலில் நீங்கள் பயிலப்போவது யாதென அறிந்துகொள்க. நம் நாட்டில் நான்காண்டுச் செவிலியப் பட்டத்தின் ஒரு பகுதியாகவே மகப்பேற்றுக் கல்வி நெடுங்காலமாக அமைந்துள்ளது. பட்டம் முடித்தவர் செவிலியராகவும் மருத்துவச்சியாகவும் ஒருங்கே பதிவு பெறுவர். பதிவு பெற்ற செவிலியர் மேலும் 18 திங்கள் பயின்று பேறு பார்ப்பதில் தனித்தேர்ச்சி பெறுதற்கு, நடுவணரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் வழிசெய்தன. இங்கிலாந்திலோ பேறு பார்த்தலுக்கென்றே மூன்றாண்டுத் தனிப்பட்டம் உண்டு.

இற்றைக்கு இது பட்டத்திற்குரிய கல்வி. ஆயின் நேற்று? நம் பாட்டன் பூட்டன்மாரை முதன்முதல் கையில் ஏந்தியவள் மருத்துவச்சி. அவளை நாம் எங்கே நிறுத்தினோம்? பிள்ளை பிறக்கும் வரை உள்ளறையில் இருக்கவிட்டு, பிறந்தபின் கொல்லைப்புறத்தில் நிறுத்திக் கூலி அளந்தோம். நம் உயிரைத் தொட்ட கையைத் தீண்டத்தகாத கை என்றோம். இது தமிழனின் இழிவேயன்றி அவளின் இழிவன்று. அவள் அமர்ந்த இடத்தில் இன்று எக்குலத்துப் பெண்ணும் பட்டம் பெற்று அமர்கின்றாள். இம் மாற்றத்தை நான் இருகை தட்டி வரவேற்கின்றேன். "மருத்துவச்சி" என்னும் பெயருக்கு நாணாதீர்கள். அது மருந்தினின்று பிறந்த மாண்புடைய பெயர்.

ஆயினும், ஒன்று கேட்கின்றேன்: இக்கல்வி எம்மொழியில் நடைபெறுகின்றது? ஆங்கிலத்தில். பாடம் ஆங்கிலம், பொத்தகம் ஆங்கிலம், தேர்வும் ஆங்கிலம். இதனால் விளையும் கேடு யாது?

என் பெயர்த்தியும் இப்படிப்புப் படிப்பவளே. பயிற்சிக் காலத்தில் அவள் கண்ட ஒன்றை, ஊரும் பெயரும் விடுத்துச் சொல்கின்றேன். தறி நெய்யும் குடும்பத்துப் பெண்ணொருத்தி எட்டாந் திங்களில் ஆய்வுக்கு வந்தாள். குருதியழுத்தம் ஏறியிருந்தது, சிறுநீரிலும் குறை தெரிந்தது. "பி.பி. ஏறியிருக்கும்மா, புரோட்டீன் போகுது, கேர்ஃபுல்லா இருக்கணும்" என்றனர். அவள் தலையாட்டிச் சென்றாள். இரண்டு நாளாகத் தலை இடிப்பதையும், கண்முன் பூச்சி பறப்பதுபோல் தோன்றுவதையும் அவள் சொல்லவில்லை. அவை சொல்லத்தக்கவை என்று அவட்கு எவரும் தமிழில் எடுத்துரைக்கவில்லை. மறுநாள் இரவு வலிப்புக் கண்டு தூக்கி வந்தனர். தாயும் பிள்ளையும் பிழைத்தது நற்பேறு.

"ஏன் சொல்லவில்லை?" என்று பெயர்த்தியைக் கேட்டேன். "எனக்கு அந்நோயை ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுதத் தெரியும், தாத்தா, அவளிடம் ஐந்து சொல்லில் சொல்லத் தெரியவில்லை" என்று கண் கலங்கினாள். இது அவள் குற்றமா? தாயிடம் பேசும் மொழியில் பாடம் சொல்லாத கல்வியின் குற்றம் அது.

முன்னாளில் வீட்டில் பிள்ளை பிறந்தது. அங்கு வீட்டு மொழியே மருத்துவ மொழியாயிருந்தது. 2019–21-ஆம் ஆண்டு நாட்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. இது பெருமைக்குரிய வளர்ச்சி. ஆனால், தமிழ்நாட்டுத் தாயர் ஏறத்தாழ அனைவரும் மருத்துவமனைக்கே வருவதால், அங்கு வழங்கும் மொழியே அவர்தம் உயிர்காக்கும் மொழியாகிவிட்டது. அதே கணக்கெடுப்பில் 44.9 விழுக்காட்டுப் பிள்ளைகள் அறுவை வழியே பிறந்தமை தெரிகின்றது. வேண்டிய இடத்தில் அறுவை உயிர் காப்பது, ஐயமில்லை. ஆயினும், பேற்றுநோவின்போது ஒருத்தி இடைவிடாது அருகிலிருந்து தேற்றித் துணைநின்றால் அறுவை குறைகின்றது என்பது பலநாட்டு ஆய்வுகள் கண்ட முடிவு. தேற்றுதல் எம்மொழியில் நடைபெறும்? அயன்மொழியிற் கற்ற அறிவு, தாய்மொழியிலன்றோ ஆறுதலாக வேண்டும்!

"தமிழில் இவற்றுக்குச் சொல் உண்டா?" என்பார் உளர். இவர்கள் தம் அன்னையரிடம் ஒருநாளேனும் பேசியதுண்டா? சூல், மசக்கை, கருப்பை, பனிக்குடம், பனிநீர், தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி, சீம்பால், தலைப்பேறு, குறைப்பேறு — இவற்றை எந்தக் கலைச்சொற் குழு ஆக்கிற்று? நம் பெண்கள் ஆக்கினர். குழந்தையைச் சூழ்ந்த நீரைப் பனி என்றும், அதைத் தாங்கிய பையைக் குடம் என்றும் கண்டவள் எழுத்தறியாத ஒருத்தி. உயிர்களின் இளமைக்கு ஒன்பது பெயர்களை வகுத்துரைக்கும் தொல்காப்பிய மரபியலைக் கொண்ட மொழிக்குப் பிறப்பைப் பேசவா சொல் இல்லை? "பிரசவம்", "கர்ப்பம்", "சிசு" என வடசொல் வந்து நம் சொல்லை வீட்டு மூலைக்குத் தள்ளிற்று. "டெலிவரி", "பேபி" என ஆங்கிலம் வந்து வீட்டினின்றே துரத்துகின்றது.

"சொல் இருக்கலாம், நூல் இயலுமா?" என்பார்க்கு விடை யாழ்ப்பாணத்தில் உள்ளது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், 1847-இல் இலங்கை வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், மக்களிடையே வாழப்போகும் மருத்துவர்க்கு மக்கள் மொழியே வேண்டுமெனத் தெளிந்து, தமிழுக்கு மாறினார். தப்ளின் நகர மருத்துவர் மான்செலின் மகப்பேற்று மருத்துவ நூலை 1857-இல் தமிழில் வெளியிட்டார். பின்னர் அறுவை மருத்துவம், உடற்கூறு, வேதியல் என நூல்கள் தொடர்ந்தன. அவற்றின் பெயர்களிலும் கலைச்சொற்களிலும் வடசொல் மிகுதி. மகப்பேற்று நூலுக்கே "பிரசவ வைத்தியம்" என்று பெயர். அக்குறையை நாம் மறைக்க வேண்டா, களைந்தால் போதும். ஆயினும், எங்கிருந்தோ வந்த அயலவரால் அன்றே இயன்றது, பல்கலைக்கழகங்கள் பல கண்ட நமக்கு இன்று இயலாதெனின், குறை மொழியிலா உள்ளது? நம் உள்ளத்தில் உள்ளது!

"தமிழிற் படித்தால் வெளிநாட்டு வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கவல்கின்றீர்கள். நேர்மையான கவலை, அதை நான் எள்ளவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தில் செவிலியராகவோ மருத்துவச்சியாகவோ பதிவு பெற விரும்பும் அயல்நாட்டார் தம் ஆங்கில அறிவை மெய்ப்பித்தாக வேண்டும். ஏன்? அங்குப் பிள்ளை பெறுபவள் பேசும் மொழி ஆங்கிலம். தாயின் மொழி அறியாதவள் தாயைத் தொடலாகாது என்பது அந்நாட்டின் நெறி. நல்ல நெறி! அதே நெறியைச் சங்கரன்கோயில் தாய்க்கும் வேண்டுகின்றோம். இதில் வெறி எங்கே உள்ளது? ஆங்கிலத்தை மொழியாக நன்கு கற்றுக்கொள்ளுங்கள். உலகை அறிய அது உதவும். ஆனால் அதையே வாயிற்கதவாக்கி, ஊர்ப்பள்ளியில் தமிழிற் படித்துவந்த அறிவுடைய பெண்ணை முதலாண்டிலேயே தலைகுனிய வைக்காதீர்கள் என்கின்றோம்.

பழமை யாவும் நன்றென்று நான் சொல்ல வந்தேனல்லேன். துப்புரவற்ற கத்தியால் கொடி அறுத்ததும், அறுத்த இடத்தில் சாம்பல் வைத்ததும் பச்சிளங் குழவியர்க்கு இசிவுநோய் தந்து உயிர்கொண்டன. தடுப்பூசியும் தூய்மையும் பரவிய பின்னரே, 2015-இல், தாய்க்கும் பச்சிளங் குழவிக்கும் வரும் அந்நோயை இந்தியா ஒழித்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் உறுதிசெய்தது. பழையதில் நன்றும் உண்டு. பிள்ளை பிறந்தவுடன் கொடியை அறுக்காது, அதன் துடிப்பு அடங்கும் வரை காத்திருந்த மூதாட்டியை நான் அறிவேன். பிறந்து ஒரு மணித்துளியேனும் கழியுமுன் கொடியைக் கவ்வி அடைக்கவேண்டா என்று உலக நலவாழ்வு நிறுவனமும் இன்று அறிவுறுத்துகின்றது. அறிவியலால் அளந்து, நல்லதைக் கொண்டு, தீயதைத் தள்ளுங்கள். அதற்கே பட்டம்.

இறுதியாக, அரசையும் பல்கலைக்கழகத்தையும் வேண்டுவன மூன்று: (1) மகப்பேற்றுப் பாடத்திற்குத் தூய தமிழில் தரமான நூல்கள் வேண்டும். (2) விரும்பும் மாணவியர் தமிழில் தேர்வெழுத இசைவு வேண்டும். (3) தாயிடம் தமிழில் விளக்கும் திறம் செய்முறைத் தேர்வில் ஒரு கூறாக வேண்டும்.

மாணவியரே! அரசு செய்யும் வரை காத்திராதீர்கள். நாளையே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். இடப்பக்கம் பாடநூலின் சொல்லை எழுதுங்கள். வலப்பக்கம் உங்கள் அன்னையும் பாட்டியும் சொல்லும் சொல்லை எழுதுங்கள். நான்காண்டு நிறைவில் அக்குறிப்பேடு பெருகி ஒரு நூலாகும். பேற்றறையில் நள்ளிரவில், அச்சத்தால் நடுங்கும் ஒருத்தி உங்கள் கையைப் பற்றும்போது, அவள் கேட்க விரும்புவது உங்கள் மதிப்பெண்ணையன்று. "அஞ்சாதே அம்மா, தலை தெரிகின்றது, இன்னும் ஒருமுறை முக்கு" என்னும் தமிழைத்தான். பிறக்கும் குழந்தையின் செவியில் முதலில் விழுவதும் அதுவாகட்டும்.

சென்று வெற்றியொடு வருக! வாழ்க தாய்க்குலம்! வெல்க தமிழ்!