சாயம் கடைசியில்தான்!

வெளிநாட்டில் குடியிருந்த காலத்தில் கையால் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நான் பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். பத்தாண்டுகளாக ஒலிவாங்கி பிடித்த கை இது. அந்தக் கை ஏறக்குறைய ஓராண்டு உப்புத்தாள் பிடித்தது.

இடம், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபிரீமேண்டல். பெர்த் நகரின் துறைமுகப் பட்டணம். சுவான் ஆறு கடலில் கலக்கும் ஊர். கோலாலம்பூரிலிருந்து ஐந்து மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம். நம் கடிகாரத்தைத் திருப்பி வைக்கவும் வேண்டியதில்லை, இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். பாய்மரப் படகு என்றால் அந்த ஊரில் தனி மரியாதை. 132 ஆண்டுகள் அமெரிக்கர்களிடமே இருந்த அமெரிக்கா கோப்பையை 1983இல் வென்ற 'ஆஸ்திரேலியா 2' படகு அங்குள்ள கடல்சார் அரும்பொருளகத்தில்தான் இருக்கிறது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், உலகை மூன்று முறை சுற்றி 1988இல் திரும்பிய ஜான் சாண்டர்ஸின் படகும் அங்கேதான். அவர் கடலில் கழித்தது 657 நாள்கள்.

கணவரின் வேலை நிமித்தம் 2019இல் அங்குக் குடிபோனோம். மறு ஆண்டு மார்ச்சில் எல்லைகள் மூடப்பட்டன. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. எனக்கோ அங்கே வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் 28 அடி நீளமுள்ள ஒரு பழைய கண்ணாடியிழைப் படகு விலைக்கு வந்தது. 1970களில் கட்டப்பட்டது. ஐந்தாண்டுகளாக யாரும் அதில் கால் வைக்கவில்லை. ஒரு பழைய கஞ்சில் காரின் விலைகூட இல்லை. ஏன் அவ்வளவு மலிவு என்பது கரையேற்றிய அன்று தெரிந்தது. அடிப்பாகம் முழுவதும் உள்ளங்கை கனத்திற்குச் சிப்பியும் பாசியும்!

பக்கத்துப் படகுக்குச் சொந்தக்காரர் இத்தாலிய வம்சாவளிப் பெரியவர், ஓய்வுபெற்ற மீனவர். ஃபிரீமேண்டலின் மீன்பிடித் தொழிலை வளர்த்ததில் இத்தாலியக் குடும்பங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. என் ஆறு வயது மகள் முதல் நாளே அவரைத் தாத்தா ஆக்கிவிட்டாள். அவர் எங்கள் படகின் வெளுத்த சாயத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே உள்ளே இறங்கி, தரைப்பலகையைத் தூக்கி, ஒரு சிறு சுத்தியலால் குழாய் அடைப்பான்களைத் தட்டினார்.

நேயர்களே, பாய்மரப் படகின் அடியில் வேண்டுமென்றே போட்ட துளைகள் உண்டு. இயந்திரம் குளிர்வதற்கு ஒன்று, கழிவறைக்கு, தொட்டிக்கு என்று ஆளுக்கொன்று. ஒவ்வொன்றையும் ஓர் அடைப்பான் காக்கிறது. அது சாதாரணப் பித்தளையாக இருந்தால் உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். வடிவம் அப்படியே இருக்கும்; வலிமை இருக்காது. கத்தி முனையால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். எங்கள் படகில் இருந்த ஐந்தில் மூன்று அப்படித்தான் இருந்தன. ஒன்று பெரியவர் கையிலேயே ரொட்டித் துண்டு போல உடைந்தது.

நீர்மட்டத்திற்கு இரண்டடி கீழே ஒன்றரை அங்குலத் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்திற்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். அந்தப் படகில்தானே என் மகள் ஏறப் போகிறாள்? அன்றே முடிவாயிற்று: முதலில் துளைகள், பிறகு பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், அடுத்து இயந்திரம். சாயம் கடைசியில்தான்.

ஐந்து அடைப்பான்களையும் மாற்றினோம். ஒவ்வொன்றின் அருகிலும் அதன் அளவுக்குச் சீவிய மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டினோம். அடைப்பான் உடைந்தால் அந்தக் கட்டையை அடித்து இறுக்க வேண்டும். எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்ட என் மகள் பழகினாள். அவளுக்கு அது விளையாட்டு.

பாய்மரக் கம்பிகள் துருப்பிடிக்காத எஃகு. பெயரை நம்பிவிடக் கூடாது. அந்த எஃகைக் காப்பது காற்றுப் படும்போது அதன்மேல் உருவாகும் மெல்லிய படலம்தான். காற்றில்லாமல் உப்புநீர் தேங்கும் இடுக்கில் அதுவும் அரிக்கும். கம்பி முனையைக் காகிதக் கைக்குட்டையால் துடைத்தால், அறுந்த இழை காகிதத்தைப் பிடித்து இழுக்கும். நான்கு இடங்களில் இழுத்தது. எல்லாக் கம்பிகளையும் மாற்றினோம். படகு வாங்கிய விலையைவிட அந்தச் செலவு அதிகம். என் கணவர் இரண்டு நாள் பேசவே இல்லை.

இயந்திரத்திற்கு ரப்பர் விசிறி, வடிகட்டி, புதிய டீசல். பாயில் துணியைவிட நூல்தான் முதலில் வெயிலுக்கு இற்றுப்போகும் என்பதால் தையல்களை நகத்தால் சுரண்டிப் பார்த்துத் திரும்பத் தைத்தோம். அவசர சமிக்ஞைக் கருவி வாங்கி, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்தோம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. மகளின் உயிர்காப்பு அங்கி கால்களுக்கிடையே வாருடன் கூடியது. அந்த வார் இல்லையென்றால் தண்ணீரில் விழும் குழந்தை அங்கியிலிருந்து நழுவிவிடக்கூடும். அதன்பிறகு அடிப்பாகத்திற்குச் செம்பு கலந்த சாயம். மேலே பூச வெள்ளைச் சாயம் வாங்கப் பணம் மிஞ்சவில்லை!

2021 கோடையில் ராட்னஸ்ட் தீவுக்குப் புறப்பட்டோம். மேற்கே 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே கோடைக் காலையில் பெரும்பாலும் தரையிலிருந்து கிழக்குக் காற்று வீசும். மதியத்துக்குமேல் 'ஃபிரீமேண்டல் டாக்டர்' என்று ஊரார் அழைக்கும் தென்மேற்குக் கடற்காற்று வந்துவிடும். டாக்டர் வருவதற்குள் தீவைப் பிடித்துவிட வேண்டும். ஊர் திரும்பும்போது அவரே தள்ளிக்கொண்டு வருவார். பெரியவர் சொல்லித்தந்த இந்தக் கணக்கு பிசகவில்லை. நடுவழியில் அலை தூக்கிப் போட்டபோது எனக்குத்தான் வயிறு கலங்கியது. மகள் கீழே போய்த் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்து, "காய்ஞ்சிருக்கும்மா!" என்று கத்தினாள்.

2022இல் நாடு திரும்பும்முன் படகை விற்றோம். பார்க்க வந்த முதல் இருவரும் சாயம் போன பக்கவாட்டைப் பார்த்துவிட்டு விலையைப் பாதியாகக் கேட்டார்கள். மூன்றாவதாக வந்த பெண்மணி, கையில் ஒரு சிறு சுத்தியலுடன் வந்தார்.